சாவிக்கொத்தைத் தெரியாது என்றது கார்டு

‘உள்ளே செல்ல அனுமதி இல்லை’ என்று திரை மறுபடியும் சொன்னதும் மேனேஜர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

“யாரைப் பார்த்து இல்லைங்குது இது?”

“அது ஊழியர் டைரக்டரியைக் கேட்டுட்டுதான் சொல்லுது சார்,” என்றாள் ஆபீஸ் கம்ப்யூட்டர் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் பொண்ணு. வேலைக்குப் புதுசு. அவளை நிரந்தரமாக்க மேனேஜரின் கையெழுத்து வேண்டும்.

ஒவ்வொரு சர்வருக்குள்ளும் சின்னதாக ஒரு கார்டு உண்டு. சர்வர் அணைந்து கிடந்தாலும் அது விழித்திருக்கும். அதன் வழியாக உட்கார்ந்த இடத்திலிருந்தே சர்வரை அணைக்கலாம், எழுப்பலாம். இத்தனை காலமும் எல்லாக் கார்டுக்கும் ஒரே பாஸ்வேர்டு. அது மேனேஜரிடம் மட்டும். அதனால் அவருக்குச் சாவிக்கொத்து என்று பெயர். மீட்டிங்கில் அவரை எதிர்த்துப் பேசியவர்களுடைய சர்வர் மட்டும் மதியத்துக்குள் எப்படியோ படுத்துவிடும்.

பொதுப் பாஸ்வேர்டை ஒழிக்கச் சொன்னது முதலாளி. ஊழியர் டைரக்டரியில் பெயர் இருக்க வேண்டும், சர்வர் குழுவிலும் இருக்க வேண்டும். அப்போதுதான் கார்டு உள்ளே விடும். இன்று காலை எல்லாக் கார்டையும் அப்படி மாற்றிவைத்தது அவள்தான். அவளை விட்டது. பக்கத்து சீட்டில் பேக்கப் எடுக்கும் அண்ணனையும் விட்டது.

“டைரக்டரி எச்.ஆர். கையில இருக்கு சார். உங்க பேரு சரியா இருக்கான்னு கேட்டுடலாமா?”

“இந்த ஆபீசுக்குச் செங்கல் இறக்கின நாள்லேருந்து என் பேரு இருக்கு. உன் செட்டிங்கைப் பாரு. நான் உள்ள போகலேன்னா, நீ நிரந்தரமா வீட்டுல இருக்க வேண்டியதுதான்.”

அவள் செட்டிங்கைத் திறந்தாள். குழுவைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பார்க்கலாம் என்று, சர்வர் குழு இருந்த இடத்தில் ‘அனைத்து ஊழியர்கள்’ என்று போட்டாள். அப்போதும் மேனேஜரால் உள்ளே போக முடியவில்லை. ஆனால், “வேற யாருக்காவது போகுதா பாருங்க,” என்று அவர் தளம் முழுக்கக் குரல் கொடுத்துவிட்டார்.

ரிசப்ஷனிலிருந்து போன் வந்தது. “அக்கா, எனக்குப் போயிடுச்சு. ‘ஆஃப்’னு ஒரு பட்டன் இருக்கே, அழுத்தவா?”

“ஐயோ, கையை எடும்மா.”

“நான் அழுத்தல. கணக்குப் பிரிவு அண்ணன் அழுத்திட்டாராம்.”

மெயில் சர்வர் போயிற்று. தளத்தில் இருந்த எல்லாப் போனும் ஒன்றாக அலறின.

“பழைய டைரக்டரி மெஷின் ஒண்ணு இருந்துச்சே, கார்டை அதுகிட்ட கேக்கச் சொல்லு,” என்றார் மேனேஜர்.

“அது இப்ப உயிரோட இருக்கான்னு தெரியல சார்.”

“சொன்னதைச் செய்.”

செய்தாள். பழைய மெஷின் எப்போதோ குப்பைக்குப் போயிருந்தது. கார்டுகள் அத்தனையும் அதன் பதிலுக்காகக் காத்துக்கொண்டு நின்றன. இப்போது மேனேஜர் மட்டுமல்ல, அவளும் வெளியே. மெயில் சர்வரை எழுப்ப ஆளில்லை.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சர்வர் அறைக்கு ஓடினாள். மெயில் சர்வரின் பட்டனைக் கையாலேயே அழுத்தினாள். விசிறிகள் இரைந்தன. அந்தக் குளிரில் நின்றபோதுதான் மூளை வேலை செய்தது. அண்ணனை விட்டது. ரிசப்ஷன் பெண்ணை விட்டது. கணக்குப் பிரிவைக்கூட விட்டது. ஒரே ஒரு ஆளை மட்டும் விடவில்லை. அப்படியானால் குறை கார்டில் எப்படி இருக்கும்?

நேரடியாகக் கேபிளைச் சொருகினால் கார்டு டைரக்டரியைக் கேட்காது. சர்வர் சர்வராகப் போய்ச் சொருகி, எல்லாக் கார்டையும் காலையில் இருந்தபடியே மாற்றினாள். சரியான டைரக்டரி, சர்வர் குழு மட்டும். வேறு எதையும் தொடவில்லை.

திரும்பி வந்தபோது மெயில் வந்துகொண்டிருந்தது. பேக்கப் அண்ணன் கட்டை விரலைக் காட்டினார். ரிசப்ஷன் பெண்ணைக் கார்டு வெளியே தள்ளியிருந்தது. மேனேஜரையும்தான்.

“என்னை இன்னும் விடல,” என்றார்.

“விடாது சார். என் செட்டிங் சரி. இனிமே அதைத் தொட மாட்டேன்.” லேப்டாப்பை மூடினாள். “கையெழுத்துப் போடாட்டியும் பரவால்ல.”

கணக்குப் பிரிவில் ஒருவர் மெதுவாகக் கைதட்டினார். பிறகு இன்னும் ரெண்டு பேர். மேனேஜர் முகம் கறுத்து வாயைத் திறந்தார்.

அதற்குள் எச்.ஆர். அம்மா கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். அவர் மேனேஜரைப் பார்க்கவில்லை. நேராக அவளிடம்தான் வந்தார்.

“நல்லா வேலை செய்யுதும்மா. காலையிலேயே சாரை வேலையை விட்டு எடுத்தாச்சு. எல்லா மெஷினும் அவரை வெளிய நிறுத்துதான்னு பார்த்துட்டு, அப்புறமா அவர்கிட்ட சொல்லலாம்னு காத்துட்டு இருந்தேன்.”