மைமு இல்லாத வண்டி

ஹீயுமா தீவில் ஊலோவின் வண்டிக்கு ஸ்டியரிங் அவர் கையில்தான் இருந்தது. ஆனால் வண்டி ஓடியதென்னவோ மனைவி மைமுவின் வாயால்.

"பிரேக்கை மிதிக்காதீங்க! எதுக்குங்க இந்த வேகம்? ஐயோ, வளைவு!"

எத்தனை நாள்தான் மனுஷன் பொறுப்பார்? இந்தக் குளிர்காலத்தில் கடல் கெட்டியாக உறைந்து, அக்கரைக்குப் பனிச்சாலை திறந்ததும் ஊலோ ஒரு திட்டம் போட்டார். மைமுவின் அக்கா வீட்டு விருந்துக்குப் போக வேண்டியிருந்தது.

"ரெண்டு பேரும் ஒரே வண்டியில போனா பனி தாங்காது. நீ எல்மார் வண்டியில வா."

"நேத்து லாரியே போச்சு. நான் என்ன லாரியை விட கனமா?"

"நான் அப்படிச் சொல்லலையே!"

"சொல்லித்தான் பாருங்களேன்!"

ஊலோ தொண்டையைச் செருமிக்கொண்டார். "உன் வாய் இல்லாம நான் கரை சேர்ந்துட்டா, இனிமே வண்டியில நீ மூச்சு விடக் கூடாது."

"சேரலைன்னா?"

"சாவி உனக்கு!"

மைமு மறுபேச்சே பேசவில்லை. அப்போதே அவர் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். பக்கத்து வீட்டு எல்மாரோ பல்வலியில் கன்னம் வீங்கி, அக்கரை டாக்டரிடம் கிளம்பிக்கொண்டிருந்தார். மைமுவை ஏற்றிக்கொள்ளச் சொன்னதற்குத் தலையை மட்டும் ஆட்டினார்.

"பனி உடைஞ்சா உடனே வெளியே குதிக்கணும், அதனால பெல்ட் போடாதீங்க, நடுவுல எங்கேயும் நிறுத்தாதீங்க" என்று பனிச்சாலை முகப்பில் நின்ற காவலர் சொல்லி அனுப்பினார். அப்பாடா, என்ன அமைதி! ஊலோ சீட்டியடித்துக்கொண்டே போனார்.

பாதி தூரத்தில் பனிக்காற்று கண்ணை மறைத்தது. வண்டியின் பின்பக்கம் லேசாக வழுக்கியது. பதறிப்போய் பிரேக்கை ஓங்கி மிதித்தார். வண்டி ஒரு சுற்றுச் சுற்றி, ஓரத்துப் பனிக்குவியலில் மூக்கைச் சொருகி நின்றது. காஸை அமுக்கினால் சக்கரம் சும்மா சுழன்றது. அடியில் பனி மடமடவென்று முனகியது.

"மைமு!" என்று கத்தினார். பக்கத்து சீட் காலி.

பின்னாலிருந்து எல்மாரின் வண்டி நிற்காமல் மெதுவாகக் கடந்தது. ஆள் தெரியவில்லை, மைமுவின் குரல் மட்டும் கேட்டது.

"ரிவர்ஸ் போடுங்க! காஸை மிதிச்சுத் தொலைக்காதீங்க! கிளட்சை மெதுவா, மெதுவா விடுங்க!"

சொன்னபடியே செய்தார். வண்டி அலுங்காமல் வெளியே வந்தது. போன உயிர் திரும்பி வந்தது. முன்னால் தெரிந்த எல்மார் வண்டியின் சிவப்பு விளக்கை விடாமல் பிடித்துக்கொண்டு கரை ஏறினார். பெண்டாட்டி கத்தினாளே என்ற சந்தோஷத்தில் அவருக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

எல்மாரின் வண்டியில் டிரைவர் பக்கத்துக் கதவு திறந்தது. இறங்கியது மைமு! எல்மார் பக்கத்து சீட்டில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஊலோ சாவியை நீட்டினார். நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கின மாதிரி இருந்தது.

"நீ எப்படி ஓட்டின?"

"லைசன்ஸ் வாங்கியே மூணு மாசமாச்சு."

"அடிப்பாவி! பரீட்சை கஷ்டமாச்சே, யார் சொல்லிக் கொடுத்தா?"

"பனியில ஓட்டும்போது என்னெல்லாம் செய்யக் கூடாதுன்னு கேட்டிருந்தாங்க. நீங்க செய்யறதையெல்லாம் எழுதினேங்க. முழு மார்க்!"