அதெல்லாம் ஓனர் பார்த்துக்குவாரு

வரி கட்டுகிறவர்களை உங்களுக்குத் தெரியும். கட்டாமல் டிமிக்கி கொடுக்கிறவர்களை இன்னும் நன்றாகத் தெரியும். இரண்டிலும் சேராத மூன்றாவது இனம் ஒன்று உங்கள் தெருவிலேயே உலாவிக்கொண்டிருக்கிறது. குடியிருப்பது வாடகை வீடு. வீட்டு வரியைக் கட்டுகிறவர் வீட்டுக்காரர். ஆனால் வீட்டுக்காரரிடம் மருந்துக்கும் இல்லாத மிடுக்கு இவரிடம் வழிந்தோடும். கட்டுகிற வலி அவருக்கு, கத்துகிற உரிமை இவருக்கு.

அடையாளம் கண்டுகொள்வது சுலபம். காலையில் பல் துலக்கியபடியே வாசலுக்கு வந்து, குப்பை வண்டி இன்னும் வராத திசையை ஒரு முறை முறைப்பார். வாய் நிறைய நுரை இருப்பதால் அப்போதைக்குப் பேச முடியாது. தெருவுக்கு நிம்மதி அந்த நேரந்தான். கொப்பளித்துத் துப்பியாயிற்றா? ஆரம்பம். "எல்லாம் நம்ம வரிப் பணம் சார்!" சாலையில் குழி, நம்ம வரிப் பணம். குழியை மூட வந்த லாரி வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறது, அதுவும் நம்ம வரிப் பணம். பூங்கா பெஞ்சில் எவராவது காலை நீட்டிக் கண்ணயர்ந்தால், தன் வீட்டுச் சோபாவில் ஊர் பேர் தெரியாதவன் வந்து படுத்துவிட்டது போல எழுப்பி உட்கார வைத்துவிட்டுத்தான் அடுத்த சுற்று நடப்பார்.

சரி, அந்த வரியை எங்கே கட்டுவது, எப்போது கட்டுவது என்று கேட்டுப் பாருங்களேன்.

"அதெல்லாம் ஓனர் பார்த்துக்குவாரு."

குழாயில் வாஷர் தேய்ந்துபோனதைச் சொல்லும் அதே குரலில் சொல்வார்.

இந்த இனத்தின் அசல் மாதிரி ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். தெரு அவருக்கு வைத்திருக்கும் பெயர் வரிப்புலி. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. ஊராரின் தூரப்பார்வையைச் சரிசெய்து அனுப்புகிறவர். அவர் மனைவி வீட்டு முன்னறையில், ஜன்னலோரமாகத் தையல் மெஷின் போட்டிருக்கிறார். போகிற வருகிற பெண்கள் ஜன்னல் வழியாகவே துணியை நீட்டிவிட்டுப் போவார்கள். அந்த ஜன்னல்தான் கடை, அந்தத் தெருதான் வாடிக்கை. வேறு தெருவுக்குக் குடிபோனால் மெஷினைத் தூக்கிக்கொண்டு போகலாம், ஜன்னலை எப்படித் தூக்குவது?

மாடியில் இருக்கும் வீட்டுக்காரர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பேச்சு கம்மி. பின்னால் வருவதைக் கண்ணாடியிலேயே பார்த்துப் பழகிய ஆள். இவர்கள் குடிவந்த அன்று ஒன்றே ஒன்று சொன்னார்: "வரி ஏறினாத்தான் வாடகை ஏத்துவேன். வரி ஏறாத வரைக்கும் ஏத்த மாட்டேன்." இதை மனைவி மனசில் முடிந்து வைத்துக்கொண்டார். வரிப்புலி? அந்த நேரம் தெருவிளக்கு எங்கே இருக்கிறது என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தெருமுனையில் விளக்கு இல்லை. அதைக் கேட்கத்தான் போன வாரம் வார்டுக் கூட்டத்துக்குக் கிளம்பினார்.

"ஏங்க, அங்க என்ன சொல்றாங்கன்னு மட்டும் கேட்டுட்டு வாங்க" என்றார் மனைவி, ஊசியில் நூல் கோத்தபடி.

"கேக்குறதுக்கா போறேன்? நாலு கேள்வி கேட்டுட்டு வரேன்!"

கூட்டம் பள்ளிக்கூடத்தில், சின்னப் பிள்ளைகளின் வகுப்பறையில் நடந்தது. பெரியவர்கள் எல்லாம் முழங்கால் முகவாயில் இடிக்கக் குட்டி பெஞ்சுகளில் மடங்கி உட்கார்ந்திருந்தார்கள். கவுன்சிலர் அம்மா விஷயத்துக்கு வந்தார். "விளக்கும் போட்டுடலாம், சாக்கடைக்கு மூடியும் போட்டுடலாம். ஆனா இந்தப் பக்கத்துத் தெருக்களுக்கு வீட்டு வரியைக் கொஞ்சம் ஏத்த வேண்டி வரும். சம்மதம்னா கையைத் தூக்குங்க."

சொந்த வீட்டுக்காரர்கள் அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் மின்விசிறியின் மேல் பாசம் பொங்கியது. அண்ணாந்தவர்கள் அண்ணாந்தபடியே இருந்தார்கள். முன்வரிசையில் மட்டும் ஒரு கை சட்டென்று உயர்ந்தது. கை போதாதென்று ஆளும் எழுந்தார்.

"தாராளமா ஏத்துங்க மேடம்! ஒரு விளக்கு எந்த மூலைக்கு? ரெண்டா போடுங்க! நல்ல ஊரு வேணும்னா நாலு காசு செலவாகத்தான் செய்யும். நாம கட்டாம வேற யாரு கட்டுவா?"

மற்ற வாடகைக்காரர்களுக்கும் வீரம் வந்துவிட்டது. கைகள் முளைத்தன. தீர்மானம் நிறைவேறியது. பிறத்தியார் சட்டைப்பையில் கைவிட்டு ஊருக்கு நன்மை செய்வதில் இருக்கிற ஆனந்தம் இருக்கிறதே! வரிப்புலி மிதந்துகொண்டே வீடு திரும்பினார்.

மறுநாள் சாயங்காலம் வீட்டுக்காரர் மாடியிலிருந்து இறங்கி வந்தார்.

"நேத்து நல்லாப் பேசினீங்க தம்பி."

"நீங்களும் வந்திருந்தீங்களா சார்? பார்க்கவே இல்லையே!"

"பின்னாடிதான் இருந்தேன். உங்க கை மறைச்சதுல அந்த அம்மா முகமே தெரியல."

"பொது விஷயம் பாருங்க..."

"பார்த்தேன். அதான் வந்தேன். புது வரி வந்ததும் வாடகை கொஞ்சம் கூடும்."

வரிப்புலி திடுக்கிட்டார். "வரிக்கும் வாடகைக்கும் என்ன சார் சம்பந்தம்? வரியை நீங்கதானே கட்டுறீங்க?"

"நான்தான் கட்டுறேன். எதிலேர்ந்து கட்டுறேன்னு நினைச்சீங்க?"

உள்ளே தையல் மெஷின் நின்றது. மனைவி மிதியிலிருந்து காலை எடுக்காமலே கேட்டார்: "அண்ணே, வரி ஏறுற அளவுதானே?"

"அதுக்கு மேல ஒரு காசு வேண்டாம்மா."

"அப்ப சரி. முனையில விளக்கு வந்தா பொம்பளைங்க இருட்டின பிறகும் துணி கொண்டு வருவாங்க. நான் சமாளிச்சுக்கிறேன்." பிறகு கணவர் பக்கம் திரும்பினார். "ஆனா அது ஒரு விளக்குக்குத்தான். ரெண்டாவது விளக்கு கேட்டது யாரு? அதுக்கு உங்க பைக் பெட்ரோல் காசுதான். இனிமே கடைக்கு நடந்து போங்க."

ஜன்னல் தப்பித்தது. ஆள் திருந்தினாரா? நல்ல கதையாக இருக்கிறதே! மறுநாள் காலை கடைக்கு நடந்தே கிளம்பிய வரிப்புலி, தெரு கூட்டுகிறவர், பால்காரர், பூங்கா காவலாளி என்று எதிர்ப்பட்ட ஒருவரையும் விடவில்லை. பைக்கில் போனபோது அவர்கள் காதில் அரைகுறையாக விழுந்ததெல்லாம் இப்போது நின்று நிதானமாக விழுந்தது. "முன்ன மாதிரி இல்ல, இப்ப நான் நிஜமாவே வரி கட்டுறவன்!"

ஜன்னலோரம் துணி கொடுக்க வந்த பெண்ணிடம் மனைவி சொன்னார்: "இத்தனை நாளா ஓசியில கத்தினாரு. இனிமே காசு குடுத்துக் கத்துவாரு."

நமக்குள் ஒரு ரகசியம். இத்தனை வருஷமும் அந்த வரியை, வாடகைக்குள் மடித்துவைத்து, அவர்தான் கட்டிக்கொண்டிருந்தார். தயவுசெய்து இதை அவர் காதில் போட்டுவிடாதீர்கள். தெரு தாங்காது.

அதிருக்கட்டும், நீங்கள் எப்படி? உங்கள் வீட்டு வரி கடைசியாக எப்போது ஏறியது? "அதெல்லாம்..." என்று வாய் தானாக ஆரம்பிக்கிறதோ? நல்ல காரியத்துக்குத்தானே, ஏறினால் ஏறட்டுமே என்று எங்கேயாவது தூக்கிய கை இன்னும் மேலேயே நின்றுகொண்டிருந்தால், இறக்குவதற்கு முன் மெதுவாகத் திரும்பிப் பாருங்கள். பின்வரிசையில் ஒருவர் பேசாமல் உட்கார்ந்திருப்பார்.