விசாரணைக்கு வந்த வல்லூறுகள்

எங்க அப்பா நம்பிராஜன் ரிட்டயர்டு ஏட்டு. எந்தத் திருடனையும் அடிக்காமலே பேச வச்சிருவார். எதிர்ல உக்காந்து, கண்ணையே பாத்து, இவர் பேசிக்கிட்டே இருப்பார். அதைத் தாங்க முடியாம அவன் ஒத்துக்குவான்.

இப்ப அவருக்குப் பறவைக் கிறுக்கு. ஐப்பசியில வல்லூறுகள் கூட்டங்கூட்டமா எங்க மலைக்கு மேல பறந்து ஆப்பிரிக்காவுக்குப் போகுமாம். பைனாகுலரைக் கழுத்துல மாட்டிக்கிட்டு பண்பொழி மலைக்குக் கிளம்பிருவார். அம்மாவும் வாரேன்னு வருசா வருசம் கேப்பா. உன் பேச்சைக் கேட்டா பறவை பாதை மாறிரும்னு விட்டுட்டுப் போயிருவார்.

இந்தத் தடவை அம்மா விடலை.

"கீழ இறங்குத வரைக்கும் நான் வாயைத் திறக்கலைன்னா?"

"பைனாகுலர் உனக்கு. திறந்தேன்னா, இனிமே மலைப் பேச்சே எடுக்கக் கூடாது."

"சரி"ன்னா. அதோட வாயை மூடிட்டா.

நானும் கூடப் போனேன். மூணு பேரும் மலை உச்சியில உக்காந்தோம். வெயில் ஏறுது, வானத்துல ஒண்ணும் இல்ல. அப்பாவுக்குப் பொழுது போகலை. வானத்துக்கு முதுகைக் காட்டி, அம்மாவுக்கு எதிர்ல சம்மணம் போட்டு விசாரணையை ஆரம்பிச்சுட்டார். ஆலங்குளத்துச் சித்தி வைக்கிற மீன்கொழம்புக்கு உன் கொழம்பு பக்கத்துல நிக்காதுன்னார். அம்மா அசையலை. உங்க அண்ணன் கட்டுன வீடு கோழிக்கூடு மாதிரி இருக்குன்னார். அதுக்கும் அசையலை.

அப்பதான் அவர் முதுகுக்குப் பின்னால வந்துச்சு. முதல்ல நாலஞ்சு புள்ளி. அப்புறம் வானமே புள்ளி. ஒண்ணுகூட இறக்கையை அடிக்கலை. சூடான காத்துல சுத்திச் சுத்தி மேல ஏறி, உச்சிக்குப் போனதும் தெக்க பாத்து வரிசையா நழுவிச்சு. நான் எதையும் லேசுல நல்லா இருக்குன்னு சொல்ல மாட்டேன். இது நல்லா இருந்துச்சு.

அம்மாவுக்குக் கண்ணு விரிஞ்சுது. உதடு பிரிஞ்சுது. கண்ணுல தண்ணி.

"பாத்தியாட்டி," அப்பா என் காதுல சொன்னார். "முகம் மாறுது. இன்னும் ரெண்டே நிமிஷம், கக்கிருவா."

இன்னும் கிட்டப் போய் உக்காந்தார். பின்னால திரும்பிப் பாருங்கன்னு நான் சொல்லியிருக்கலாம். அம்மா என் கையை இறுக்கிப் பிடிச்சிருந்தா. இத்தனை வருசம் கேட்டவ பாக்கட்டும்னு விட்டுட்டேன்.

அவர் திரும்பினப்போ கடைசி ரெண்டு மூணு மறைஞ்சுக்கிட்டு இருந்துச்சு. பைனாகுலரைக் கண்ணுல வைக்குறதுக்குள்ள அதுவும் இல்ல.

படியிறங்கி முடிச்சதும் அம்மா கையை நீட்டினா. பைனாகுலரைக் கழட்டிக் குடுத்துட்டு, அப்பா மெதுவா என் பக்கம் ஒதுங்கினார்.

"ஏட்டி, எவ்வளவு வந்துச்சு? எப்படி இருந்துச்சு? அப்பாகிட்ட மட்டும் சொல்லு."

அம்மா அப்பதான் வாயைத் திறந்தா.

"சாட்சியைக் கலைக்கப் பாக்கியளோ, ஏட்டையா?"