போலி ஒழிந்த பிற்பகல்

நுகர்வோரைக் காத்த மாபெரும் வரலாற்றை என்றாவது எழுதினால், எங்கள் அலுவலகத்தின் இரண்டாம் மாடியில், கழிப்பறைக்கு அடுத்த அறையிலிருந்துதான் தொடங்க வேண்டும். 'போலி வாகனக் காப்பீட்டு முகவர் ஒழிப்புப் பிரிவு' அங்கேதான் இயங்குகிறது. அதன் தலைமை எழுத்தர் என்ற முறையில் இதை மிகுந்த தன்னடக்கத்தோடு சொல்கிறேன்.

மூன்று ஆண்டுகளாக ஒரு புகாரும் வரவில்லை. ஆகவே போலிகளே இல்லை என்று ஆண்டறிக்கையில் எழுதி வந்தோம். அந்த நற்பெயரைக் கெடுப்பதற்கென்றே ஒரு தண்ணீர் கேன் வண்டிக்காரர் படியேறி வந்தார்.

அவர் வண்டி ஒரு காரில் இடித்துவிட்டதாம். காவல் நிலையத்தில் பாலிசியை வாங்கிப் பார்த்தவர்கள், அது வெறும் கலர் பேப்பர் என்று சொல்லி வண்டியைப் பிடித்து வைத்துக்கொண்டார்களாம்.

"அந்த வண்டி ஓடினாத்தான் சார் வீட்ல அடுப்பு எரியும்."

"பாலிசி வித்தது யாரு?"

"உங்க ஆபீஸ் வாசல்லயே குடை போட்டு உக்காந்திருக்கானே, சிரிச்சமுகம், அவன்தான்."

படிவத்தை நீட்டினேன். "முகவரோட உரிம எண்ணைப் போடுங்க."

"போலிக்கு ஏது சார் உரிமம்?"

"எண் இல்லாம கம்ப்யூட்டர் புகாரை எடுத்துக்காதுங்களே!"

விவகாரம் ஆய்வுக் கூட்டத்துக்குப் போனது. இரண்டு மணி நேரம், மூன்று தட்டு பிஸ்கட். எங்கள் அதிகாரி கண்ணை மூடி யோசித்தார். குறட்டை வருவதற்குள் திறந்துவிட்டார்.

"பாவம், அந்த வண்டிக்காரருக்கு உதவி செஞ்சே ஆகணும். சிரிச்சமுகத்துக்கு ஒரு உரிமம் கொடுத்துடுங்க."

என்ன கருணை! எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சிரிச்சமுகம் குடையை மடக்கிக்கொண்டு மேலே வந்தார். உரிம விண்ணப்பத்தின் மூன்று பிரதிகளையும் அடித்தல் திருத்தல் இல்லாமல் நிரப்பினார். அரை மணியில் உரிமம் தயார். கம்ப்யூட்டரும் சொன்ன சொல் தவறாமல் புகாரை ஏற்றுக்கொண்டது. அடுத்த நிமிடமே முடிவையும் அறிவித்தது: 'மேற்படி முகவர் உரிமம் பெற்றவர். போலி அல்லர். புகார் தள்ளுபடி.'

"அப்போ என் வண்டி?" என்று கேட்டார் வண்டிக்காரர்.

"அது காவல் நிலையத்து சமாச்சாரம்," என்றார் அதிகாரி. "போலியை ஒழிக்கிறதுதான் எங்க வேலை. ஒழிச்சாச்சு."

சிரிச்சமுகம் உரிமத்தைச் சட்டைப் பையில் பத்திரப்படுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார். "சார், உங்க ஸ்கூட்டருக்கும் ஒண்ணு போட்டுடலாமா?"

"வேணாம்பா, வேணாம்!" என்று பதறிவிட்டேன். "நான் வேற இடத்துல நல்லா விசாரிச்சுப் போட்டுட்டேன்."

வண்டிக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ்வளவு நாள் அவன் வாசல்ல தனியா உக்காந்து ஏமாத்தினான் சார். இனிமே நீங்களும் கூட இருக்கீங்க."

பார்வையாளர் பதிவேட்டில் 'பாராட்டு' என்ற இடத்தில் இதை ஒரு எழுத்து விடாமல் எழுதிக்கொண்டேன். எங்கள் மீது புகார் எழுத அந்தப் பதிவேட்டில் இடமே கிடையாது.