முதுகில் ஐந்து தட்டு

"ஏங்க, செருப்பு வாரு விட்டுடும் போலிருக்கு."

"வந்து பாத்துக்கலாம். நீ என் முதுகை விட்டு நகராம வா, அது போதும்" என்று மனைவியிடம் கிசுகிசுத்துவிட்டு, வழிகாட்டி கடலோரக் காட்டின் மரக்கதவைத் திறந்தார்.

பறவை பார்க்க ஆட்களைக் கூட்டிப்போகும் வசந்தத்தின் முதல் நடை இது. இருபத்தாறு வருடமாகக் குரலை வைத்தே பறவையைச் சொன்னவர் அவர். போன வருடம் காது காலை வாரிவிட்டது. மனிதர் பேச்சு கேட்கும், அலை கேட்கும். சின்னப் பறவைகளின் மெல்லிய சீழ்க்கை மட்டும் அறவே கேட்பதில்லை. வெளியே தெரிந்தால் வேலை போய்விடும்.

அதனால் மனைவி பின்னாலேயே நடப்பாள். முதுகில் ஒரு தட்டு என்றால் கதிர்க்குருவி, இரண்டு என்றால் ஈப்பிடிப்பான், மூன்று என்றால் பூங்குருவி. திரும்பிப் பார்த்தால் குட்டு உடைந்துவிடும் என்று அவர் திரும்புவதே இல்லை. 'மனுஷ முகத்தைக் கண்டால் பறவை பறந்துவிடும்' என்று எல்லாரையும் நம்பவைத்திருந்தார்.

இன்று வந்த எட்டுப் பேரில் ஒருவர் வனத்துறை அனுப்பிய பரிசோதகர் அம்மா. கையில் நோட்டு. "வழிகாட்டிங்க காது எப்படி இருக்குன்னு பாக்க வந்திருக்கேன்" என்று வாசலிலேயே சொல்லிவிட்டார்.

ஒற்றையடிப் பாதையில் வரிசையாகப் போனார்கள். கால் மணி நேரமாயிற்று. ஒரு தட்டும் விழவில்லை.

"என்ன, ஒண்ணுமே சொல்லலையே?" என்றார் பரிசோதகர்.

வழிகாட்டிக்கு வியர்த்தது. "யாரும் பேசக் கூடாது! நடக்கக் கூடாது! கொசு கடிச்சாக்கூட சத்தமா அடிக்கக் கூடாது. அப்படியே நின்னு கேளுங்க."

நின்றார்கள். இரண்டே நிமிடத்தில் முதுகில் ஒரு தட்டு விழுந்தது. உயிர் திரும்பி வந்தது அவருக்கு.

"கதிர்க்குருவி! வலது பக்கம்!"

"எனக்குக் கேக்கலையே?"

"மனசை அடக்கினாத்தான் கேக்கும்மா."

"எனக்குக் கேக்குதே!" என்று ஒரு குரல் முந்திக்கொண்டது. பிறகு யார் சும்மா இருப்பார்கள்? ஆளாளுக்குக் கேட்டது. இரண்டு தட்டு. மூன்று. மறுபடி இரண்டு. அவர் சொல்லச் சொல்லப் பரிசோதகரின் பென்சில் ஓடியது.

ஒரே புதரில் இத்தனை பறவையா? காலையில் போட்ட சண்டைக்கு இவள் பழிவாங்குகிறாளோ என்று அவருக்குச் சந்தேகம் வந்தது. இந்நேரம் எதுவும் கூவாத இடம் குட்டைக்கரை ஒன்றுதான். அங்கே போனால் அடங்குவாள் என்று நினைத்து, எல்லாரையும் அழைத்துக்கொண்டு போனார்.

அங்கேதான் வினை. தட்டு மழையாகப் பொழிந்தது. அவர் பட்டியலிலேயே இல்லாத நான்கு தட்டு விழுந்தது.

"அது... குடும்பத்தோட வந்திருக்கு" என்று சமாளித்தார்.

அப்போது முதுகின் நடுவில், படபடவென்று ஐந்து.

ஐந்து என்றால் நீலக்கழுத்தான். கல்யாணமான வருடம் இதே கரையில் இருவரும் ஒரே ஒருமுறை பார்த்தது. 'இனிமே வந்தா அஞ்சு தட்டறேன்' என்று அவள் விளையாட்டாகச் சொல்லியிருந்தாள்.

அவர் அப்படியே மண்டியிட்டார். "வருது" என்றார். எட்டுப் பேரும் மண்டியிட்டார்கள்.

ஒன்றும் வரவில்லை. அரை மணி நேரம் ஒருவரும் அசையவில்லை. தொலைந்தோம் என்று அவர் கண்ணை மூடப்போனபோது, கடலுக்கு மேலே வானம் புள்ளி புள்ளியாகக் கறுத்தது.

கடலைத் தாண்டி வந்த பறவைகள். நூறா, ஆயிரமா, தெரியவில்லை. இறகடிக்கத் தெம்பில்லாமல் மரங்களில், புதர்களில், மணலில், மண்டியிட்டவர்களின் காலடியில் உதிர்ந்தன. ஒரு குருவி ஒருவரின் ஷூ மேல் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டது. அந்த ஷூக்காரர் அழுதார். வெட்கப்படவில்லை.

வழிகாட்டிக்கு ஒரு முழம் தள்ளி, ஒரு குச்சியில், நீலக்கழுத்தான். கழுத்தில் அந்த நீலம். பார்த்து முப்பது வருடமானாலும் அதே நீலம். அலகைத் திறந்து பாடியது. அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. தொண்டை துடிப்பது மட்டும் தெரிந்தது. அதுவே போதும் என்று இருந்தது அவருக்கு.

நடை முடிந்து திரும்பினார்கள். வாசலில் பரிசோதகர் நோட்டை மூடி, இரு கைகளாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்க யாருக்கும் கேக்காததெல்லாம் உங்களுக்குக் கேட்டுது. அரை மணி நேரம் முன்னாடியே! உங்க காது இருக்கிறவரைக்கும் இந்தக் காடு உங்களோடதுதான்."

வாசல் பெஞ்சில் மனைவி உட்கார்ந்திருந்தாள். அவர் ஓடிப்போய்க் குனிந்தார். "எப்படி முன்னாடி வந்தே? அஞ்சு தட்டினியே, அது உனக்கு எப்படிக் கேட்டுது?"

"நான் எங்க தட்டினேன்?" அறுந்த செருப்பைத் தூக்கிக் காட்டினாள். "இந்தக் கதவைத் தாண்டறப்பவே போயிடுச்சு. கூப்பிட்டா நீங்க திரும்பினாத்தானே? அப்பலேர்ந்து இங்கயேதான் இருக்கேன்."

வழிகாட்டி முதன்முறையாகத் திரும்பிப் பார்த்தார். நடை முழுக்க அவருக்குப் பின்னாலேயே வந்த மஞ்சள் தொப்பிக்காரர், சங்கடத்தோடு கையைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். சத்தமா அடிக்கக் கூடாதுன்னு சொன்னீங்களா, அதான் மெதுவா தட்டினேன். அந்தக் குட்டைக்கிட்ட மட்டும் உங்க முதுகுல ஒரே சமயத்துல அஞ்சு கொசு!"