கற்பூரத்துக்குப் போட்ட மிளகு

பயந்தவன் செய்யும் முன்னேற்பாட்டைப் போல ஆபத்தானது வேறில்லை. இதைச் சொல்ல எனக்கு முழுத் தகுதி உண்டு.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசியில், மலாயாவின் ஈப்போவில் ஓர் ஆய்வுக்கூடத்தில் உதவியாளனாகச் சேர்ந்தேன். மூன்று மாதம் ஒழுங்காக இருந்தால் வேலை நிரந்தரம். சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய என் அம்மா, மகன் நிரந்தரமாகிவிட்டான் என்று முதல் வாரமே தொழிலாளர் வரிசைவீடுகளான லயம் முழுக்கச் சொல்லிவிட்டாள். (இதைவிட ஒருவனுக்கு என்ன நெருக்கடி வேண்டும்?)

அங்கே ரசாயன நிபுணர் வேதாசலம் சார், மதராஸில் படித்தவர். தோட்டங்கள் அனுப்பும் மருந்துப்பொடிகளின் மூலக்கூறு எடையைக் கற்பூரத்தை வைத்துக் கண்டுபிடிப்பார். எதையாவது கரைத்தால் எந்தக் கரைப்பானும் உறையும் வெப்பநிலை சற்று இறங்கும். ஒரே கணக்கில் கரைத்தால் தண்ணீர் இரண்டு டிகிரிகூட இறங்காது. கற்பூரமோ நாற்பது டிகிரி இறங்கும். அந்த நாற்பதுதான் அதன் உறைநிலைத் தாழ்வு மாறிலி. துளியளவு கலப்பைக்கூடக் கற்பூரம் காட்டிக்கொடுத்துவிடும். சாமிக்கு முன்னால் எரிவதுதான் அதன் பெருமை என்று நினைத்திருந்த எனக்கு அந்தப் பிரமிப்பு இன்னும் அடங்கவில்லை.

அந்தச் சுத்தக் கற்பூரம் கப்பலில் வரவேண்டும். அதில் ஒரு போத்தல் என் பொறுப்பு. இரண்டே வாரத்தில் அது தானாகக் குறைவதைப் பார்த்தேன். நெற்றி நிறையத் திருநீற்றோடு வேலைக்கு வருகிறவன் நான். கற்பூரம் காணவில்லை என்றால் யார் மேல் சந்தேகம் வரும்?

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போனபோது அம்மாவின் கற்பூர டப்பாவைத் திறந்தேன். உள்ளே நாலு மிளகு கிடந்தது.

"வெறுங் கற்பூரம் காத்தோட போயிரும் லா. மொளகு போட்டா நிக்கும்," என்றாள்.

வீட்டுக் கற்பூரத்துக்கே நாலு என்றால், கப்பலேறி வந்ததற்கு ஒரு கைப்பிடியாவது வேண்டாமா? முழு மிளகு மெதுவாக வேலை செய்யும் என்று நைசாக இடித்துக் கலந்தேன். நாலு நாள் கழித்து, கறுப்புத் தெரியாதபடி மல்துணியில் சலித்தும் வைத்தேன். (அறிவாளி!)

அந்த வாரம் ஒரு தோட்டத்துக்கு அவசரமாக அறிக்கை போகவேண்டியிருந்தது. சார் வழக்கம்போல முதலில் வெறும் கற்பூரத்தை உருக்கினார். ஆறு டிகிரி முன்னதாகவே உருகிவிட்டது. வெப்பமானியை மாற்றினார். மறுபடியும் அதே ஆறு. குழாயைச் சூடாக்கும் எண்ணெயை மாற்றினார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். நானும் பக்கத்தில் நின்று வெப்பமானியை அவரைவிடக் கடுமையாகச் சந்தேகப்பட்டேன். கடைசியில் போத்தலை மூக்கருகே கொண்டுபோனார். மூன்று தும்மல்.

"சுப்பையா, இதுல என்ன போட்டே?"

"மொளகு சார். கொறைஞ்சுச்சு. நான் எடுத்துட்டேன்னு நெனச்சிருவீங்கன்னு பயந்துட்டேன்."

அவர் திட்டவில்லை. "போட்டப்புறம் கொறையறது நின்னுச்சா?" என்று மட்டும் கேட்டார். நான் நிறுத்துப் பார்க்கவே இல்லை. அதைச் சொல்லும்போதுதான் மானம் போனது.

இரண்டு போத்தல்களைக் கொடுத்து, ஒன்றில் மட்டும் மிளகு போட்டுத் தினமும் நிறுக்கச் சொன்னார். இரண்டும் ஒரே மாதிரி குறைந்தன. இரண்டிலும் நான் செருகியிருந்தது வெடிப்பு விழுந்த கார்க்கு; கற்பூரம் அந்த வழியாகத்தான் காற்றில் போயிருக்கிறது. மற்ற நேரமெல்லாம் கெடுத்த கற்பூரத்தை ஆவியாக்கிப் படியவைத்துச் சுத்தம் செய்தேன். ஆய்வுக்கூடம் மூன்று நாள் கோயில் மடைப்பள்ளி போல மணத்தது. தாமதத்துக்குக் காரணம் ஆய்வுக்கூடத்தின் பிழை என்று தோட்டத்துக்கு எழுதி, சார் தன் கையெழுத்தைப் போட்டார். என் பெயர் அதில் எங்கும் இல்லை. அந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்க்கப் போனவன் நான்தான். வழியெல்லாம் கண் கலங்கியது.

என் மூன்று மாதம் ஆறு மாதமாகி, பிறகு வேலை நிரந்தரமானது. லயத்துக்கு அது பழைய செய்தி.

மிளகால் பயனில்லை, மூடிதான் இறுக்கமாக இருக்கவேண்டும் என்று அம்மாவிடம் எடை போட்ட கணக்கோடு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள். "மூடியும் இருக்கட்டும், மொளகும் இருக்கட்டும்," என்றாள்.

இன்றும் எங்கள் குடும்பத்தில் யாராவது தேவையில்லாமல் பதறினால், "மொளகு இடிச்சாச்சா?" என்றுதான் கேட்பார்கள். என் பேரப்பிள்ளைகள் பரீட்சைக்குக் கிளம்பும்போதும் அதே கேள்வி.

என் வீட்டுக் கற்பூர டப்பாவுக்கு நல்ல இறுக்கமான மூடி. திறந்து பார்த்தால் உள்ளே நாலு மிளகு இருக்கும். முழு மிளகுதான்.