மணி அடித்தால் பதினோரு பேர்

மேனேஜர் ராஜையன் மறுபடியும் எண்ணிப் பார்த்தார். மறுபடியும் பதினொன்று.

பட்டாசு கட்டும் அந்த வெடிப்புரையில் வேலை செய்பவர்கள் பத்துப் பேர்தான். பத்துப் பேரும் பலாமரத்தடியில் மூச்சு வாங்கிக்கொண்டு வரிசையாக நின்றார்கள். உச்சி வெயில். ஓர் இலை அசையவில்லை.

"ஏலே, கூட நிக்கிய சவம் எதுலே?" என்றார்.

சவம் என்பது அவர் வாயில் சதா கிடந்து உருளும் சொல். வழக்கமாக எல்லாரும் சிரிப்பார்கள். அன்று ஒருவரும் சிரிக்கவில்லை.

திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாகிய புதிது அது. அதற்கு முந்தின வருஷம்தான் குழித்துறைக்கு மேற்கே, குன்றுமேல் இருந்த இந்த வெடிப்புரை தீப்பிடித்து வெடித்தது. மற்றவர்கள் எப்படியோ ஓடித் தப்பிவிட்டார்கள். தங்கப்பன் மட்டும் உள்ளே மாட்டிக்கொண்டான். எதிலும் ஓரடி பிந்துகிற மனுஷன், பாவம். முதலாளி புரையைத் திரும்பக் கட்டி, தங்கப்பன் மனைவி பகவதியம்மாளுக்கு முற்றம் பெருக்கும் வேலை கொடுத்து, ராஜையனைப் புது மேனேஜராகக் கொண்டுவந்தார்.

லைசென்ஸ் தர இன்ஸ்பெக்டர் கறாராக நிபந்தனை போட்டார். உத்தரத்தில் தண்ணீர்ப் பானைகளைக் கயிற்றில் தொங்கவிட வேண்டும். தீ எழும்பினால் கயிறு கருகி அறுந்து, பானை தானாகக் கவிழ்ந்து தீயை அமுக்கிவிடும். வெளியே மணி கட்ட வேண்டும், அதுவும் வெண்கல மணி. இரும்பென்றால் பொறி பறக்குமாம். மணி அடித்ததும் ஆட்கள் கையிலிருப்பதை மெல்லக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்து மரத்தடியில் நிற்க வேண்டும். புரையில் பத்துப் பேருக்குத்தான் அனுமதி என்பதால் தலை பத்துதான் இருக்க வேண்டும். ஒன்று கூடினாலும் லைசென்ஸ் கிடையாது.

வெள்ளிக்கிழமை அவரே வந்து பார்ப்பார். லைசென்ஸ் கிடைக்காவிட்டால் கோயில் கொடைத் திருவிழாவுக்கான வெடிக்கட்டு ஆர்டர் கைவிட்டுப் போகும். பத்து வீட்டில் அடுப்பு எரியாது. ராஜையன் வீட்டிலும் அடுப்பு எரியாது, மனைவி நேசம்மாள்தான் எரிந்து விழுவாள்.

அதனால் வெடிமருந்துக்குப் பதில் உமியை வைத்து, தினமும் மத்தியானம் மணி அடித்துப் பழக்கினார். பேர் சொல்லிக் கூப்பிட்டால் பத்து. தலையை எண்ணினால் பதினொன்று. இத்தனைக்கும் பார்க்கிற முகமெல்லாம் தெரிந்த முகமாகவே இருந்தது.

"சாரே, நீங்க உங்களையும் சேத்து எண்ணுதியளா?" என்று கேட்டான் முத்துக்கனி.

"நான் மணிகிட்ட நிக்கேன். என்னை எதுக்குடே எண்ணுதேன்?"

"அப்பம் பகவதியக்காவ?"

பகவதியம்மாள் தூரத்தில் இருந்தாள். மணி அடிக்கும்போதெல்லாம் அவள் துடைப்பத்தை நிறுத்திவிட்டுப் புரை வாசலையே பார்ப்பாள். உதடு மட்டும் அசையும்.

மறுநாள் ராஜையன் ஒரு தந்திரம் செய்தார். ஆளுக்கொரு புளியங்கொட்டை கொடுத்தார். ஓடிவந்ததும் அதை ஓலைக் கடவத்தில் போட வேண்டும். தலை பொய் சொன்னாலும் கொட்டை பொய் சொல்லாதல்லவா?

மணி அடித்தார். ஓடிவந்தார்கள். போட்டார்கள். கடவத்தைக் கவிழ்த்து எண்ணினால் பதினொன்று. அதில் ஒன்று கன்னங்கரேலென்று கருகியிருந்தது.

"யாருலே வேலை நேரத்துல கொட்டைய வறுத்துத் திங்கப் பாத்தது?"

"அடுப்பே இல்லாத எடத்துல எப்பிடி சாரே வறுக்க?" என்றான் ஜான்ரோஸ்.

ராஜையன் கொட்டையை எடுத்தார். இன்னும் சுட்டது. கையை உதறிப் புதருக்குள் வீசினார்.

அதோடு ஆட்கள் வாய் திறந்தார்கள்.

"தங்கப்பண்ணன் பழிவாங்க வந்திருக்காரு. மணிய நிறுத்துங்க சாரே. நாளைலேருந்து நான் வரமாட்டேன்" என்று லீமா அழுதாள்.

"பேயாவது பிசாசாவது! நாம ஏசுவக் கும்பிடுத வேதக்காரங்க, கேட்டியா!" என்று ராஜையன் அதட்டினார். ஆராதனையில் பாதியிலேயே நழுவுகிற அந்த மனிதர், அன்று மத்தியானம் தெரிந்த ஜெபமெல்லாம் சொல்லித் தீர்த்தார்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் அவருக்கு ஒரு வழி தோன்றியது. ஒன்று கூடுகிறதென்றால் ஒன்றைக் குறைத்துவிட்டால் போயிற்று.

"ஏட்டி லீமா, உனக்கு இன்னைக்குக் காய்ச்சல்."

"எனக்கு ஒண்ணும் இல்லியே சாரே."

"இருக்கு. வீட்டுல போயிப் படு."

அவள் அந்த நிமிஷமே ஓடிவிட்டாள்.

மத்தியானம் இன்ஸ்பெக்டர் வந்தார். பானைகளைத் தட்டிப் பார்த்தார். கயிற்றை இழுத்துப் பார்த்தார். "ம், மணியை அடியும்" என்றார். ராஜையன் மணியை அடித்துவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டார். தடதடவென்று காலடிகள் வந்து நின்றன. இன்ஸ்பெக்டர் விரல் நீட்டி எண்ணும் சத்தம் கேட்டது.

"கொள்ளாம், நல்லது. பத்து."

போன உயிர் திரும்பி வந்தது. கையெழுத்தும் ஆயிற்று. காரில் ஏறி உட்கார்ந்த இன்ஸ்பெக்டர், ஏதோ ஞாபகம் வந்தவராகத் தலையை வெளியே நீட்டினார்.

"முதல் ஆளா ஓடி வந்தானே, அவன் சாமர்த்தியக்காரன். அவனைப் பாத்து மத்தவங்க படிக்கணும். அவனுக்கு ஒரு சட்டை வாங்கிக் கொடும். முதுகெல்லாம் கரி."

கார் போய்விட்டது. ராஜையன் மெல்லத் திரும்பி வரிசையைப் பார்த்தார். சட்டை போடாதவர் ஒருவரும் இல்லை.

ஓட்டமும் நடையுமாகப் பகவதியம்மாளிடம் போய் நின்றார்.

"பகவதியம்மா, அவனுக்கு என்னதான் வேணும்? கோழி வெட்டணுமா, சோறும் கறியும் படைச்சுப் படுக்கை வைக்கணுமா? நான் வேதக்காரன், பரவால்ல, வெச்சிருதேன். எங்க யாரையும் ஒண்ணும் செய்யாண்டாம்னு மட்டும் சொல்லு."

அவள் துடைப்பத்தைக் கீழே வைத்தாள். கண் நிறைந்திருந்தது. ஆனாலும் முகத்தில் ஒரு சிரிப்பு.

"அவரு யாரையும் ஒண்ணும் செய்ய வரல்ல சாரே. மணி அடிச்சா ஓடணும்னு அன்னைக்கு அவருக்கு ஒருத்தரும் சொல்லிக் குடுக்கல்ல, இப்பந்தான் படிச்சிட்டு வாறாரு."